கைதுக்கும் விடுதலைக்கும் நடுவே: கைதானவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஏதோ ஒரு காவல் நிலையத்தின் வாசலில் இன்று காத்திருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும்,

கைதான ஒருவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். இவை அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தரும் உரிமைகள். வக்கீலைத் தேடுவதும் ஜாமீனுக்கு வழி பார்ப்பதும் இந்த 24 மணி நேரத்திலேயே தொடங்குகின்றன. ஆனால் பல குடும்பங்களில் இந்த நேரம் தெரிந்த அரசியல் புள்ளிகளுக்குப் போன் போடுவதிலும், நகையை எங்கே அடகு வைக்கலாம் என்று அலைவதிலும் கரைந்துவிடுகிறது.

கைது, காவல், ஜாமீன் பற்றிய விதிகள் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தில் இருக்கின்றன. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் இது நடப்பில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினாலும் அடிப்படை பெரிதாக மாறவில்லை. பழைய வக்கீல்கள் ஜாமீனுக்கு இன்னும் 437, 439 என்று சொன்னால் அது இன்றைய 480, 483தான்.

முதலில், எல்லா வழக்கிலும் கைது கட்டாயமில்லை. 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதற்குப் போலீஸ் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். தேவையில்லை என்றால் 35(3) பிரிவின்படி நேரில் ஆஜராகும்படி நோட்டீஸ் தர வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. இந்த நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் பயந்து ஊரைவிட்டுப் போகக் கூடாது. சொன்ன நாளில் வக்கீலோடு போய் ஆஜராகி, போனதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்பவரைச் சாதாரணமாகக் கைது செய்ய முடியாது. தலைமறைவானால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பெண்களை, விதிவிலக்கான சூழலில் மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல், சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது.

கைது நடந்துவிட்டால், குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும்: எந்தக் காவல் நிலையம், குற்ற எண், என்னென்ன பிரிவுகள், விசாரணை அதிகாரி யார், எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜர்படுத்தப் போகிறார்கள். கைதானவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வது போலீஸின் கடமை. கைதுக் குறிப்பாணையில் சாட்சியின் கையெழுத்தும் கைதானவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த நெறிகள் இன்று சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் வகையில் தெரிவிக்காவிட்டால் அந்தக் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில், விஹான் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே எந்தக் காகிதம் கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று குறித்து வைப்பது வீண்வேலை அல்ல. நல்ல வக்கீலின் கையில் அது முதல் வாதமாகும்.

எஃப்.ஐ.ஆர். நகலுக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகளைத் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் காவல் நிலையத்தையும் குற்ற எண்ணையும் கொடுத்து எடுக்கலாம். அந்தப் பிரிவு எண்களைப் பார்க்காமல் ஜாமீன் கிடைக்குமா, கிடைக்காதா என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது யூகம்தான்.

ஸ்டேஷனில் இருக்கும் நேரத்தில் கைதானவர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்பது பிற்பாடு வழக்கின் போக்கையே மாற்றும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் சாட்சியமாகும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்க உரிமை உண்டு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. விசாரணை நடக்கும்போது வக்கீலைச் சந்திக்கவும் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. விசாரணை முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வப்போது சந்திக்கலாம்.

அடுத்தது ரிமாண்ட். கைதானவரை முதன்முறையாக மாஜிஸ்திரேட் முன் நேரில் நிறுத்தும் இந்தக் கட்டத்தைச் சடங்காக நினைத்துவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் காவலில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை என்று வாதிட வக்கீலுக்கு உரிமை உள்ள இடம் இது. ரிமாண்ட் செய்ய மறுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உள்ள இடமும் இதுதான். அடித்திருந்தால், காயம் இருந்தால், மாத்திரை சாப்பிடும் நோய் இருந்தால், 24 மணி நேரம் தாண்டியிருந்தால், வாய் திறந்து சொல்ல வேண்டிய இடமும் இதுவே. கைதானவரை மருத்துவர் பரிசோதித்துக் காயங்களைக் குறிக்க வேண்டும் என்பது 53ஆம் பிரிவு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். சில நாள்களுக்குள் இருவரும் இறந்தார்கள். மருத்துவச் சான்றும் மாஜிஸ்திரேட்டின் நேரடிப் பார்வையும் எதற்காக இருக்கின்றன என்பதைத் தமிழ்நாடு மறக்கவே கூடாத முறையில் கற்றுக்கொண்டது அப்போதுதான். ஆகவே அந்த நிமிடத்தில் கைதானவர் பக்கம் ஒரு வக்கீல் நிற்பது மிக அவசியம்.

அந்த வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்ற கவலையில்தான் குடும்பங்கள் முதல் நாளிலேயே நிலைகுலைகின்றன. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதைத் தருகிறது. பெண்களுக்கும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இல்லாதபோதும் இதே உரிமை உண்டு. முதல் முறை ஆஜர்படுத்தும்போதே இந்த உரிமையைச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 1980இல் பீகாரைச் சேர்ந்த காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது; தாலுகா அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது; உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் சென்னையிலும் மதுரையிலும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே கேட்கலாம். நாடு முழுவதற்குமான தொலைபேசி உதவி எண் 15100.

இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு வந்து நிற்பவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எல்லா இடத்திலும் தரம் ஒன்றாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பல மாவட்டங்களில் இப்போது குற்ற வழக்குகளுக்கென்றே முழுநேரமாக நியமிக்கப்பட்ட சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே தனியார் வழக்குகளை எடுக்கக் கூடாது; தினமும் அதே கோர்ட்டுகளில் நிற்கிறார்கள். சாதாரணத் திருட்டு வழக்கிலோ தெருச் சண்டை வழக்கிலோ, வெளியூரிலிருந்து பெரிய தொகை வாங்கிக்கொண்டு வரும் பேர்போன வக்கீலைவிட, அந்த மாஜிஸ்திரேட் என்னென்ன காகிதம் கேட்பார் என்று தெரிந்த இவர்களே மேல். பின்னர் தனியார் வக்கீலை அமர்த்த விரும்பினாலும் தடையில்லை.

தனியார் வக்கீல்தான் வேண்டும் என்றால், தேடும் இடம் முக்கியம். வக்கீல்கள் விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஆகவே பெரிய போர்டையோ வலைத்தளத்தின் பளபளப்பையோ வைத்து எடைபோட முடியாது. வழக்கு நடக்கப்போகும் கோர்ட்டில் குற்ற வழக்குகளை நடத்துபவர் யார் என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்தில் கேட்கலாம். வழக்கு நடத்தி முடித்த குடும்பங்களைக் கேட்கலாம். முடிந்தால் ஒரு காலைப் பொழுது கோர்ட் ஹாலின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். யார் கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் வாய்தா மட்டும் கேட்கிறார் என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். குடும்பத்துக்குப் பத்திரம் எழுதித் தந்த சிவில் வக்கீல் நல்லவராக இருக்கலாம். ஆனால் ஜாமீன் மனு வேறு வேலை. அவரையே கேட்டால் தகுந்த ஒருவரைச் சொல்லிவிடுவார்.

ஸ்டேஷனிலிருந்தே கைகாட்டப்படும் வக்கீலைத் தவிர்ப்பது நல்லது. வழக்குப் போட்டவரின் சிபாரிசில் வருபவர், வழக்குப் போட்டவரின் தவறைச் சுட்டிக்காட்டத் தயங்கலாம். சிறை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் தாமாக வந்து பேசும் இடைத்தரகர்களுக்கும் இது பொருந்தும். “ஜட்ஜை எனக்குத் தெரியும்”, “மேலே கொடுக்கணும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிட வேண்டும். ஜாமீன் கட்டாயம் வாங்கித் தருவேன் என்று நேர்மையான வக்கீல் எவரும் வாக்குத் தர மாட்டார். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது.

ஃபீஸ் பேசும்போது கூச்சப்பட வேண்டியதில்லை. ஜாமீனுக்கு மட்டுமா, விசாரணை முடியும் வரைக்குமா? மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தள்ளுபடியானால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வேறு ஃபீஸா? கோர்ட்டில் நிற்கப்போவது இவரா, இவருடைய ஜூனியரா? குமாஸ்தா செலவும் நகல் செலவும் இதில் அடங்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை வாங்கி, கொடுத்த பணத்துக்கு ரசீதும் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வக்காலத்தில் கைதானவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ரிமாண்டின்போது கோர்ட்டிலேயே போடலாம். சிறைக்குப் போய்விட்டால் சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு வாங்கி வர வேண்டும், அதற்கு ஒருநாள் போய்விடும். ஒரே வழக்கில் பலர் கைதாகியிருந்து, ஒருவர் மற்றவர்மேல் பழி சொல்லும் நிலை இருந்தால் ஒரே வக்கீல் எல்லோருக்கும் ஆகாது. வக்கீலிடம் எதையும் மறைக்கவும் கூடாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் காப்பது வக்கீலின் சட்டக் கடமை. பழைய வழக்கு ஒன்று இருப்பதை மறைத்தால், அரசு வக்கீல் அதை எடுத்து வாசிக்கும்போதுதான் இவருக்கே தெரியவரும். அதற்குள் மனு பாதி தோற்றிருக்கும்.

இனி ஜாமீன். குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் ஜாமீன் உரிமை. ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், ஸ்டேஷன் பெயில் என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆள் ஜாமீன் தர வசதியில்லாதவரை அவருடைய சொந்த ஜாமீனிலேயே விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாதவரை வசதியற்றவராகவே கருத வேண்டும் என்று 478ஆம் பிரிவு சொல்கிறது. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்ற பெயர்தான் மக்களைப் பயமுறுத்துகிறது. அந்த வகையிலும் ஜாமீன் கிடைக்கும். அது உரிமையாகத் தானே கிடைக்காது, நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதே அதன் பொருள். முதலில் மாஜிஸ்திரேட், பிறகு செஷன்ஸ் நீதிமன்றம், பிறகு உயர் நீதிமன்றம் என்று படிகள் உண்டு. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களில் மாஜிஸ்திரேட்டின் கை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கும். ஆனால் அங்கேயும் பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் விதிவிலக்கு இருக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்கு வழியே தனி: இளைஞர் நீதிக் குழுமம்.

ஜாமீன் மனுவில் நீதிபதி பார்ப்பது குற்றவாளியா, நிரபராதியா என்பதை அல்ல. வெளியே விட்டால் வழக்குக்குத் திரும்பி வருவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குற்றம் எவ்வளவு கடுமையானது, முந்தைய வழக்கு உண்டா என்பவற்றை. குடும்பத்தார் இங்கே கைகொடுக்கலாம். நிரந்தர முகவரிக்குச் சான்று, வேலை பார்க்கும் இடத்தின் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மருத்துவக் குறிப்பு ஆகிய அனைத்தும் இந்த ஆள் ஓடிப்போக மாட்டார் என்று காட்டும் காகிதங்கள். அழுகையும் குடும்ப கௌரவமும் மனுவில் இடம்பிடிக்கத் தேவையில்லை. முதல் மனு தள்ளுபடியானால் கதை முடிந்தது என்று எண்ணுபவர்கள் பலர். விசாரணை முன்னேறினால், குற்றப்பத்திரிகை தாக்கலானால், உடன் கைதானவருக்கு ஜாமீன் கிடைத்தால், அதே நீதிமன்றத்திலேயே மறுபடி மனுப் போடலாம்.

கைதுக்கு முன்பே அச்சம் இருந்தால் முன் ஜாமீன் உண்டு. செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ 482ஆம் பிரிவில் கேட்க வேண்டும். கிடைத்தபின் உத்தரவில் குறித்த நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் சரணடைந்து பத்திரம் கொடுக்காவிட்டால் அது பயனற்றுப் போகும்.

நாள் கணக்கு தெரிந்தால் கிடைக்கும் ஜாமீன் ஒன்று உண்டு. குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், குற்றம் எவ்வளவு பெரியதானாலும், ஜாமீன் பெறுவது கைதானவரின் உரிமை. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். நாள் கணக்கு கைதான தேதியிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த தேதியிலிருந்து ஓடும்; ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மார்ச் 1ஆம் தேதி ரிமாண்ட் என்றால் 60ஆம் நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 காலை கோர்ட் திறந்தவுடன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் இந்த உரிமை போய்விடும். கொரோனா ஊரடங்கின்போது இந்தக் கெடு நீண்டுவிட்டது என்று காவல்துறை வாதிட்டது. மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் அந்த வாதம் உயர் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டு, 2020 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனது. தனிமனித விடுதலையைத் தொடும் கெடுவை யாரும் நீட்டிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். வீட்டுக் காலண்டரில் ரிமாண்ட் தேதியை வட்டமிட்டு வைக்கும் குடும்பம் வக்கீலுக்கே பெரிய உதவி செய்கிறது.

ஜாமீன் கிடைத்தபிறகும் உள்ளேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மடலின் பெரிய கவலை இதுதான். “ரூ.10,000க்குச் சொந்தப் பிணைப்பத்திரமும் அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்” என்று உத்தரவு வந்தால், பத்தாயிரம் ரூபாயைக் கட்ட வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த நினைப்பை நம்பி வயிறு வளர்க்கும் தரகர்கள் இருக்கிறார்கள். ரொக்கம் கட்டும்படி உத்தரவிலேயே தனியாகச் சொல்லியிருந்தாலொழிய, அன்றைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. கைதானவர் வாய்தாக்களுக்கு வராமல் போனால் இந்தத் தொகையைத் தருகிறோம் என்று அவரும் இரண்டு ஜாமீன்தாரர்களும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே ஜாமீன் பத்திரம்.

ஜாமீன்தாரர்கள் அசல் ரேஷன் கார்டு, ஆதார், புகைப்படம், சொத்தோ நிலையான வருமானமோ இருப்பதற்கான வீட்டு வரி ரசீது, பட்டா அல்லது சம்பளச் சான்று ஆகியவற்றோடு காலையிலேயே வர வேண்டும். சில கோர்ட்டுகளில் சொத்து மதிப்புச் சான்றும் கேட்பார்கள். கோர்ட்டுக்குக் கோர்ட் வழக்கம் மாறுவதால் முந்தைய நாளே பெஞ்ச் கிளார்க்கிடம் விசாரித்துவிடுவது நல்லது. பத்திரத்தில் படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். பிறகு மாஜிஸ்திரேட் கூப்பிட்டுக் கேட்பார்: இவர் உங்களுக்கு என்ன உறவு, என்ன வழக்கு என்று தெரியுமா, இவர் வராவிட்டால் நீங்கள் பணம் கட்ட வேண்டும் தெரியுமா, வேறு யாருக்காவது ஜாமீன் நின்றிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்வது சட்டக் கட்டாயம். ஜாமீன் நிற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களைக் காசு கொடுத்து நிறுத்தினால், போலிச் சான்று என்று தெரியவரும் அன்றைக்குப் புது வழக்கு ஒன்று சேரும்.

உறவினர் வேறு மாவட்டத்துக்காரர், ஆகவே ஜாமீன் ஏற்க முடியாது என்று யாராவது சொன்னால் 1978ஆம் ஆண்டின் மோத்தி ராம் தீர்ப்பை வக்கீலுக்கு நினைவூட்டலாம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு ரூ.10,000க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்த வழக்கு அது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ கைதாகும் ஒரு தமிழர் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பது அந்தத் தீர்ப்பு எழுப்பிய கேள்விகளில் ஒன்று. இன்று தமிழ்நாட்டில் கைதாகும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் நிலை அதுதான்.

ஜாமீன் உத்தரவைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாளில் விடுதலையாகாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சிறை நிர்வாகம் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனைகளைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானே எடுத்துப் பரிசீலிக்கலாம். இவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டல்கள். ஜாமீன்தாரர் கிடைக்காதவர்கள் தொகையைக் குறைக்கவோ, ஆள் ஜாமீனுக்குப் பதில் ரொக்கம் கட்டவோ மனுப் போடலாம். பணமில்லாத விசாரணைக் கைதிகளுக்கு ரூ.40,000 வரை உதவும் திட்டத்தை மத்திய அரசு 2023இல் அறிவித்தது. அதற்கும் வழி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவே. வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை ஆஜர்படுத்தும் உத்தரவு) இருந்தால் ஒரு வழக்கின் ஜாமீன் சிறைக் கதவைத் திறக்காது. மற்ற வழக்குகளிலும் ஜாமீன் வாங்க வேண்டும்.

நீண்ட நாள் உள்ளே கிடப்பவர்களுக்கு 479ஆம் பிரிவு இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றத்தில், அதிகபட்சத் தண்டனையின் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முதல்முறை சிக்கியவரானால் மூன்றில் ஒரு பங்கு போதும். பல வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு இது பொருந்தாது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. தீர்ப்பு வராமலே தண்டனை அனுபவிக்கும் இத்தனை பேரை ஒரு சமூகம் இயல்பாக எடுத்துக்கொள்வது கொடுமை.

சில சட்டங்களில் ஜாமீன் மிகக் கடினம். போதைப்பொருள் சட்டத்தில் எடைதான் எல்லாம்: கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவானால், குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும். குற்றப்பத்திரிகைக்கான கெடுவும் 180 நாள். பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன் ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரையும் கேட்ட பிறகே ஜாமீன் பற்றி முடிவெடுக்க வேண்டும். அது பாதிக்கப்பட்டவரின் நியாயமான உரிமை. குண்டர் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் போடப்படுவது தடுப்புக் காவல் ஆணை. 12 மாதம் வரை நீடிக்கும். ஜாமீன் மனு அங்கே செல்லாது. ஆணைக்கான காரணங்களும் ஆவணங்களும் 5 நாளுக்குள் கைதானவர் கைக்கு வர வேண்டும். அரசுக்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் முறையீடு அனுப்ப வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும். காகிதங்களில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் இருந்தாலும், கைதானவருக்குத் தெரிந்த மொழியில் இல்லாவிட்டாலும், முறையீட்டுக்குப் பதில் தாமதமானாலும், ஆணை உடைய வாய்ப்புண்டு. ஆகவே அந்தக் கட்டை ஒரு தாள் விடாமல் வக்கீலிடம் சேர்க்க வேண்டும்.

வெளியே வந்தபின் நிபந்தனைகள் தொடங்குகின்றன. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்பது தமிழ்நாட்டு உத்தரவுகளில் வழக்கமாக வரும் வரி. கண்டிஷன் பெயில் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஒருநாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கப் போலீஸுக்கு அது காரணமாகும். காய்ச்சலென்றால் மருத்துவச் சான்று வாங்கி வக்கீலிடம் கொடுக்க வேண்டும். சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்திட்டபின் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது மிக அவசியம். புகார் கொடுத்தவர் வீட்டுக்குச் சமாதானம் பேசக்கூடப் போகக் கூடாது. நல்லெண்ணத்தில் போனதே சாட்சியை மிரட்டியதாக எழுதப்படும். வாய்தாவுக்கு வராமல் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போகும் முன், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். கையில் குற்ற எண்ணும் ரிமாண்ட் தேதியும் இருக்கட்டும்.